குழித்தறியை விட்டு எழுந்து, சைக்கிளில் ஏறுங்கள்!

காஞ்சிபுரத்துக்குப் பட்டுப் புடவை எடுக்கப் போகிறவர்கள் பார்டரைப் பார்ப்பார்கள். முந்தானையை விரித்துப் பார்ப்பார்கள். ஜரிகையை நகத்தால் சுரண்டிக்கூடப் பார்ப்பார்கள். அதை நெய்தவரின் முதுகை மட்டும் யாரும் பார்ப்பதில்லை!

பிள்ளையார்பாளையம் பக்கம் ஏதாவது ஒரு நெசவாளர் வீட்டுக்குள் எட்டிப் பாருங்கள். தரையில் ஒரு குழி. அதன் விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு கால்களையும் குழிக்குள் விட்டு, மிதிகட்டையை மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும். கை நாடாவைத் தள்ளும். கண் பாவிலேயே இருக்கும். கழுத்து குனிந்தது குனிந்தபடி, முதுகு வளைந்தது வளைந்தபடி. நாளைக்கு எட்டு மணி நேரம், அவசர ஆர்டர் என்றால் அதற்கு மேலும்.

"கால்தான் ஆடிக்கிட்டே இருக்கே, அதுவே எக்ஸர்ஸைஸ் இல்லையா?" என்று கேட்பீர்கள். கால் ஆடுவது சில அங்குலம்தான். இடுப்பும் முழங்காலும் மடங்கிய இடத்திலேயே மடங்கிக் கிடக்கின்றன. மூச்சு வாங்குகிற அளவுக்கு ஒரு நிமிஷம்கூட வேலை கிடையாது. உடம்பு களைத்துப் போகிறது, ஆனால் இதயத்துக்குப் பயிற்சி இல்லை. இந்த இரண்டையும் நாம் ஒன்றென்று நினைத்துக் குழப்பிக்கொள்கிறோம்.

தறிக்காரர் மட்டும் இல்லை. தையல் மிஷினில் குனிந்திருப்பவர், கடையில் கல்லாவை விட்டு நகராதவர், கம்ப்யூட்டர் முன்னால் காலையில் உட்கார்ந்து சாயந்திரம் எழுந்திருப்பவர்... எல்லோருக்கும் இதே கதைதான். ஆகவே தறியைப் பார்த்திராத வாசகர்களும் மேலே படிக்கலாம்.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1700ஆம் வருஷத்திலேயே ராமஸ்ஸினி என்ற இத்தாலிய வைத்தியர், எந்தத் தொழிலுக்கு என்ன வியாதி வருகிறது என்று ஒரு புத்தகமே எழுதினார். உட்கார்ந்தே பிழைப்பவர்களுக்கு அவர் சொன்ன யோசனை என்ன தெரியுமா? லீவு நாளிலாவது உடம்பை நன்றாக அசையுங்கள், பல நாள் உட்கார்ந்த கெடுதலை ஒரு நாளாவது கொஞ்சம் ஈடு கட்டட்டும் என்பதுதான். பிறகு 1953ல் ஜெரமி மாரிஸ் என்ற ஆங்கிலேய டாக்டர், லண்டன் மாடி பஸ்களில் வேலை செய்தவர்களை ஆராய்ந்தார். டிரைவர் நாள் பூராவும் சீட்டில். கண்டக்டர் நாள் பூராவும் மாடிப்படி ஏறி இறங்குவார். இதய நோய் யாருக்கு அதிகம்? டிரைவர்களுக்குத்தான். ஒரே பஸ், ஒரே ரோடு, ஒரே புகை. வித்தியாசம் அந்த மாடிப்படி!

சரி, நமக்கு மாடிப்படிக்கு எங்கே போவது? திண்ணை ஓரமாகச் சாய்ந்து நிற்கிறதே, அந்தச் சைக்கிள் போதும்.

வயது வந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் வரை மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அரை மணி நேரம் வீதம் ஐந்து நாள் சைக்கிள் விட்டால் கணக்குச் சரி. மிதமா, கடுமையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மிதிக்கும்போது பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிய வேண்டும். ஆனால் பாட்டுப் பாட முடியக் கூடாது. அதுதான் மிதம். முழங்காலில் லேசாகத் தேய்மானம் உள்ளவருக்கு ஓடுவதைவிடச் சைக்கிள் நல்லது, உடம்புக் கனத்தைச் சீட் தாங்கிக்கொள்கிறது அல்லவா? அதே காரணத்தால் எலும்புக்கு இதில் பெரிய லாபம் கிடையாது. அதற்குத் தனியாகக் கொஞ்சம் நடக்கத்தான் வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. இப்போது பையன்கள் வாங்குகிறார்களே, ஹேண்டில்பார் தாழ்ந்து, குனிந்து ஓட்டுகிற கியர் சைக்கிள், அது தறிக்காரருக்கு ஆகாது. பகலெல்லாம் குனிந்த முதுகை மறுபடியும் குனிய வைப்பானேன்? அப்பா காலத்துக் கறுப்புச் சைக்கிள்தான் உத்தமம். நிமிர்ந்து உட்காரலாம், நாலு பக்கமும் பார்க்கலாம். தறியை விட்டு எழுந்தவுடன் தாவி ஏறாமல், ஐந்து நிமிஷம் நடந்து, இடுப்பில் கை வைத்து மெள்ளப் பின்னால் சாய்ந்துவிட்டு அப்புறம் ஏறுங்கள்.

சீட் உங்கள் உயரமா, கடைக்காரர் உயரமா?

நம் ஊரில் பாதிப் பேரின் சைக்கிள் சீட் தாழ்ந்தே இருக்கும். இரண்டு காலையும் தரையில் பதிக்க வேண்டும் என்ற பயம். சீட் தாழ்ந்தால் முழங்கால் சரியாக நீளவே நீளாது. மடங்கிய முட்டியோடு அழுத்தி மிதிக்க மிதிக்க, முட்டிச் சில்லுக்குப் பின்னால் அழுத்தம் ஏறும். "சைக்கிள் விட்டேன், முட்டி வலி வந்துடுச்சு" என்பவர்களில் பல பேரின் வில்லன் இந்தச் சீட்தான்.

அளவு பார்ப்பது சுலபம். சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்காருங்கள். பெடல் கீழே வந்து நிற்கும்போது குதிகாலை அதன் மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும், ஆனால் இடுப்பு சரியக் கூடாது. அதுதான் உங்கள் உயரம். ஓட்டும்போது முன்பாதத்தை வைப்பீர்கள். அப்போது முழங்காலில் தானாகவே ஒரு சின்ன மடிப்பு விழும். சீட்டில் உட்கார்ந்தபடி ஒரு கால் விரல் நுனி தரையைத் தொட்டால் போதும். நிற்கும்போது சீட்டை விட்டு முன்னால் இறங்கி நிற்கப் பழகுங்கள். சீட்டை ஏற்றும்போது சீட் பில்லர் குறைந்தது இரண்டரை அங்குலமாவது குழாய்க்குள் இருக்கட்டும். இல்லாவிட்டால் நடுரோட்டில் ஒடியும்.

வலியைக் கேட்டே கோளாறைக் கண்டுபிடிக்கலாம். முட்டிக்கு முன்னால் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு. முட்டிக்குப் பின்னால் இழுத்தால் சீட் உயரம். உள்ளங்கையில் சுண்டு விரல் பக்கம் மரத்துப் போனால், உடம்புக் கனம் ஹேண்டில்பாரில் இறங்குகிறது என்று அர்த்தம். அதைக் கொஞ்சம் உயர்த்துங்கள், கையை அடிக்கடி இடம் மாற்றுங்கள். தொடை இடுக்கில் மரத்துப் போனால் அலட்சியம் வேண்டாம். சீட் மூக்கு மேலே தூக்கியிருக்கிறதா என்று பார்த்து மட்டமாக வையுங்கள். மெத்து மெத்தென்று ஸ்பாஞ்ச் உறை வாங்கிப் போட்டால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். கனமான ஸ்பாஞ்ச் நடுவிலே புடைத்துக்கொண்டு, அழுத்தக் கூடாத இடத்தில்தான் அழுத்தும். ஒரு வாரம் இதையெல்லாம் சரி செய்தும் மரத்துப் போவது நிற்கவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள்.

வீட்டிலேயே ஒரு பட்டறை

காஞ்சிபுரத்துக்காரருக்குக் கைவேலை சொல்லித் தர நாம் யார்? ஒரு இழை அறுந்தால் கண்ணை மூடிக்கொண்டு முடிச்சுப் போடுகிற விரல்கள் அவை. பல வீடுகளில் தார் சுற்றும் ராட்டையைப் பாருங்கள், சக்கரம் பழைய சைக்கிள் ரிம்மாக இருக்கும்! சைக்கிளைத் தறிக்குக் கொண்டுவந்தவர்கள், தறியின் சாமர்த்தியத்தைச் சைக்கிளுக்குக் கொண்டுபோகக் கூடாதா?

முதல் வேலையாக ஒரு தூக்குக் கயிறு... பயப்படாதீர்கள், சைக்கிளுக்கு! உத்தரத்திலிருந்து இரண்டு கயிறு தொங்கவிட்டு, ஒன்றின் கண்ணியில் சீட்டையும் இன்னொன்றில் ஹேண்டில்பார் கழுத்தையும் மாட்டுங்கள். கறுப்புச் சைக்கிள் இருபது கிலோ இருக்கும், ஆகவே உத்தரமும் முடிச்சும் தாங்குமா என்று முதலில் நீங்களே கயிற்றை இழுத்துத் தொங்கிப் பாருங்கள். சக்கரம் தரையை விட்டு முழங்கால் உயரத்துக்கு வரட்டும். நின்றபடி வேலை செய்யலாம். குந்தி உட்கார்ந்து, குனிந்து சைக்கிள் ரிப்பேர் பண்ணினால் அதுவும் இன்னொரு குழித்தறிதான். வைஸ் வைத்திருப்பவர்கள் அதையும் முழங்கை உயரத்துக்கு வையுங்கள். தோளைத் தூக்கிக்கொண்டு அரம் போட்டால் கழுத்து மறுநாள் கணக்குக் கேட்கும்.

அடுத்தது செயின். அரைப் பரீட்சைக்குக் குழந்தை எடுத்துப் போகிற 12 அங்குல ஸ்கேல் போதும். ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வைத்து, 24 கண்ணி தள்ளி அளந்தால் புதுச் செயினில் சரியாக 12 அங்குலம். அதுவே 12⅛ ஆகிவிட்டால் செயின் நீண்டுவிட்டது, மாற்றுங்கள். நீண்ட செயின் பல்லைத் தின்னும், திடீரென்று கழன்றும் விழும். செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். தூசியோடு சேர்ந்து பிசின் மாதிரி ஆகிவிடும். தையல் மிஷின் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மிச்சத்தைத் துணியால் துடைத்துவிடுங்கள்.

இப்போது கொஞ்சம் கணக்கு. இதுதான் முழங்காலைக் காப்பாற்றுகிற கணக்கு. உங்கள் சைக்கிளில் முன்பல்லையும் பின்னால் ஃப்ரீவீல் பல்லையும் எண்ணுங்கள். முன்னே 44, பின்னே 18 என்று வைத்துக்கொள்வோம். பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் பின்சக்கரம் கிட்டத்தட்ட இரண்டரைச் சுற்று. 28 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு சுமார் இரண்டேகால் மீட்டர். நிமிஷத்துக்கு 60 தரம் மிதித்தால் மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகம் ஆகிவிடும். அவ்வளவு வேகம் யாருக்கு வேண்டும்? ஆகவே நாம் நாற்பது தரம்தான் மிதிக்கிறோம், அதையும் முக்கி முக்கி மிதிக்கிறோம். ஃப்ரீவீலை 22 பல்லாக மாற்றினால் அதே அறுபது மிதிக்குப் பதினாறு கிலோமீட்டர்தான் போகும். மிதி லேசாகும். முட்டிக்கு அழுத்தம் குறையும், மூச்சுக்கும் நெஞ்சுக்கும் வேலை கிடைக்கும். பளு குறைவாக, சுற்று அதிகமாக: நாற்பது வயதைத் தாண்டியவர்கள் இப்படித்தான் ஓட்ட வேண்டும். கியரே இல்லாத சைக்கிளில் செய்யக்கூடிய மிக மலிவான வைத்தியம் இதுதான் என்று அடித்துச் சொல்வேன்.

பஞ்சர் ஒட்டுவதைப் பற்றி எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். ஒன்றே ஒன்று: சொல்யூஷன் தடவியதும் அவசரப்பட்டு ஒட்டாதீர்கள், பளபளப்பு மங்கிக் காயட்டும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அந்த வாசனை நெஞ்சுக்கு நல்லதில்லை.

பெண்களுக்கு ஒரு பின்னல் வேலை சொல்கிறேன். பெண்கள் என்ன, யார் வேண்டுமானாலும் செய்யலாம். புடவைத் தலைப்பும் பாவாடையும் பின்சக்கரத்தில் சிக்கி விழுந்தவர்கள் எத்தனை பேர்! நெதர்லாந்தில் இதற்காகவே பின்சக்கரத்தின் இரு பக்கமும் ஒரு மறைப்புப் போடுகிறார்கள். கோட்டும் பாவாடையும் சிக்காமல் இருக்க, அந்தக் காலத்தில் அதைக் குரோஷே ஊசியால் பின்னியும் போட்டார்கள். மட்கார்டு ஓரத்தில் ஒரு அங்குலத்துக்கு ஒன்றாகச் சின்ன ஓட்டை போட்டு, அங்கிருந்து அச்சுப் பக்கம் பொருத்திய வளையத்துக்கு நைலான் கயிற்றை விசிறி மாதிரி இழுத்துக் கட்டி, குறுக்கே பின்னிவிட்டால் ஆயிற்று. கயிறு ஸ்போக்ஸைத் தொடக் கூடாது, தளரவும் கூடாது. கோர்வை போட்டு உடம்பையும் பார்டரையும் இணைக்கத் தெரிந்தவர்களுக்கு இது ஒரு வேலையா!

சைக்கிளும் பெண்களும் என்றதும் புதுக்கோட்டையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1991-92ல் அந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக் கொடுத்தது. அப்போது அங்கே கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் ரோட்டில் இறங்கி ஓட்டினார்கள். தண்ணீர்க் குடத்தையும் குழந்தையையும் வைத்துக்கொண்டு யாரையும் எதிர்பார்க்காமல் போனார்கள். "இந்த வயசுல எனக்கு எதுக்கு?" என்று சொல்கிற அக்காமார்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும்.

கையும் கண்ணும் பத்திரம்

பட்டறை வேலையில் கைதான் முக்கியம். அதிலும் பட்டு நெய்கிற கை! கிரீஸ் கையோடு பாவைத் தொட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பத்துப் பதினைந்து நாள் உழைப்பு ஒரு கறையில் போய்விடும். ஆகவே தறி இருக்கும் அறையில் சைக்கிள் வேலை வேண்டாம். கிரீஸைப் போக்க மண்ணெண்ணெயிலும் பெட்ரோலிலும் கை கழுவுகிறார்கள். தோலில் உள்ள எண்ணெய்ப் பசையெல்லாம் போய், விரல் வெடிக்கும். வெடித்த விரலில் பட்டு இழை மாட்டி இழுத்தால் புடவையும் கெட்டது, விரலும் கெட்டது. சமையல் எண்ணெய் கொஞ்சம் விட்டுத் தேய்த்து, கிரீஸ் இளகியதும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நகக்கண்ணைப் பழைய பல் பிரஷ்ஷால் தேயுங்கள். கடைசியில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி, அது தோலில் ஊறிய பிறகு தறிக்குப் போகலாம்.

கிரைண்டர் பிடிக்கும்போது கண்ணாடி கட்டாயம். இரும்புத் தூள் கண்ணில் விழுந்தால் கசக்காதீர்கள். புடவை நுனியாலோ கைக்குட்டையாலோ எடுக்கப் பார்க்காதீர்கள். சுத்தமான தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டு, உறுத்தல் போகாவிட்டால் அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள். துருப்பிடித்த கம்பி கிழித்தால் சோப்பும் தண்ணீரும் போட்டு நன்றாகக் கழுவி, டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருஷம் ஆகிறது என்று யோசித்துப் பாருங்கள். நினைவில்லை என்றால் டாக்டரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

எங்கே போகலாம்?

காஞ்சிபுரம் சமதளமான ஊர். மேடு ஏறி மூச்சு முட்ட வேண்டியதில்லை. முதல் இரண்டு வாரம் ஊருக்குள்ளேயே சுற்றுங்கள். விடிகிற நேரத்தில் பிள்ளையார்பாளையத்திலிருந்து கைலாசநாதர் கோவில். ராஜசிம்ம பல்லவன் கட்டி ஆயிரத்து முந்நூறு வருஷம் ஆன மணற்கல் கோவில். அங்கிருந்து வேகவதியைத் தாண்டினால் திருப்பருத்திக்குன்றம். ஜைனர் கோவிலின் மண்டப விதானத்தில் வர்ணச் சித்திரங்களை அண்ணாந்து பார்க்க வேண்டும். தறியில் குனிந்தே இருக்கும் கழுத்துக்கு அதுவும் ஒரு சிகிச்சைதான்! தலை சுற்றுகிறவர்கள் மட்டும் தூணைப் பிடித்துக்கொண்டு பாருங்கள்.

உடம்பு பழகியதும் செவிலிமேடு பாலத்தில் பாலாற்றைத் தாண்டி வந்தவாசி ரோட்டில் மாமண்டூர் போங்கள். சுமார் பத்து கிலோமீட்டர். மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரைகள், பக்கத்திலேயே பல்லவர் வெட்டிய பெரிய ஏரி. அதே பக்கம் ஐயங்கார்குளத்தில் நடவாவிக் கிணறு இருக்கிறது. படி இறங்கிப் பூமிக்குள் போகிற மண்டபம், சித்ரா பௌர்ணமிக்கு வரதராஜப் பெருமாளே அங்கே எழுந்தருள்வார். உத்திரமேரூர் முப்பது கிலோமீட்டருக்குக் கிட்ட. பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு அங்கேதான். போக வர அறுபது ஆகும். மூன்று மாதப் பழக்கம் இல்லாமல் அதற்கு ஆசைப்படாதீர்கள். வாரா வாரம் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலைப் பக்கம் மட்டும் போகவே வேண்டாம். லாரிகளோடு நமக்கு என்ன போட்டி? பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர், முன்னால் விளக்கு, தலையில் ஹெல்மெட், இரண்டு பிரேக்கும் பிடிக்கிறதா என்று வாசலிலேயே ஒரு சோதனை. இவை இல்லாமல் கிளம்பாதீர்கள்.

ஒரு மணி நேரத்துக்குள் திரும்பிவிடுவீர்கள் என்றால் வெறும் தண்ணீரே போதும். அதற்கு மேல் வெயிலில் வியர்த்துக் கொட்டினால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டையும் தலை தட்டி அளந்து கலந்து எடுத்துப் போங்கள். பிளட் பிரஷர், சர்க்கரை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைக் குடிக்க வேண்டாம். கத்திரி வெயிலில் எட்டு மணிக்குள் வீடு திரும்பிவிட வேண்டும். மிளகு, சீரகம், சுக்கு, நெய் மணக்கிற காஞ்சிபுரம் இட்லியைத் திரும்பி வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சாப்பிட்டுவிட்டுப் பெடல் மிதிப்பது ஆகிற காரியம் இல்லை!

சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நெடுந்தூரம் போகாதீர்கள். சட்டைப் பையில் குளுக்கோஸோ சர்க்கரைப் பொட்டலமோ இருக்கட்டும். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, கண் மங்கல் வந்தால் உடனே இறங்கி, அதை வாயில் போட்டுக்கொண்டு உட்காருங்கள். நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவுகிற வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறல் இருந்தால் "வாய்வு" என்று சோடா குடித்துவிட்டு மிதித்துத் திரும்பி வராதீர்கள். சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டு 108க்குப் போன் செய்யுங்கள். ஏற்கெனவே இதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டர் அனுமதித்த பிறகே சீட்டில் உட்கார வேண்டும்.

ஆடி மாதம் காற்று எதிர்த்து அடிக்கும். அப்போது முதலில் மேற்கே போங்கள். உடம்பில் தெம்பு இருக்கும்போதே எதிர்காற்றைத் தள்ளிவிட்டால், திரும்பி வரும்போது காற்றே வீடு வரை தள்ளிக்கொண்டு வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ரிம் நனைந்தால் பிரேக் தாமதமாகத்தான் பிடிக்கும், இரண்டு மடங்கு தூரம் முன்னாலேயே பிடிக்கத் தொடங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் செயினைத் துடைத்து எண்ணெய் விட்டு, உத்தரத்துக் கயிற்றில் மாட்டிவிடுங்கள்.